பேசாதவர்களுக்குத் தனி டின்

எங்கள் தோட்டத்தில் பெரியவர் சிறியவர் என்று முந்நூறு பேருக்குக் குறையாமல் இருந்தோம். அத்தனை பேரையும் டின்னில் அடைத்து வைத்திருந்தவர் ஒரே ஒரு ஆள்தான். துரையால் முடியாதது, ஆள்களை வேலை வாங்கும் மண்டோரால் முடியாதது, கோயில் கமிட்டியால் சுத்தமாக முடியாதது அது.

அவர் டின் அண்ணன். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். விடியக்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கிராணி அந்தப் பெயரைத்தான் கூப்பிடுவார். டின் அண்ணன் பேசாமல் நிற்பார். பக்கத்தில் நிற்கிற ஆள் அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவார். வருஷக்கணக்காக அப்படித்தான் அவருக்குப் பேர் பதிவானது.

சுவா டவுனிலிருந்து செம்மண் ரோட்டில் உள்ளே போனால் எங்கள் ரப்பர்த் தோட்டம். நான் சொல்லுவது எழுபதுகளின் கடைசி. டின் அண்ணனுக்குப் புகைவீட்டில் வேலை. பால் உறைந்து, மெஷினில் நசுங்கி, அட்டையாக வருகிற ரப்பரைக் கழிகளில் தொங்கப் போட்டு, கீழே விறகு மூட்டி, நாள்கணக்கில் புகையில் காய வைப்பார்கள். அந்த அடுப்பைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. புகைவீட்டுச் சுவரை ஒட்டியே அவருக்கு ஓர் அறை. கல்யாணம் ஆகாத ஆள். தோட்டத்திலேயே ஈரம் படாத இடம் என்றால் அந்த அறை ஒன்றுதான்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில் கூரை ஒழுகும். மழை வந்தால் முதலில் அரிசியைத் தூக்குவோம், பிறகு பிள்ளைகளைத் தூக்குவோம், போட்டோக்களை மறந்துவிடுவோம். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் படத்தில் பூசணம் பிடித்து, மாப்பிள்ளைக்கு மீசை இருந்ததா இல்லையா என்று பெண்வீட்டார் சண்டை போடும்படி ஆகிவிடும். அதனால் யாரோ ஒருவர் இரண்டு படத்தைக் கொண்டுபோய், "அண்ணே, இத ஒங்க சுவத்துப் பக்கம் வச்சிருங்க லா" என்று கொடுத்திருக்கிறார். அவரும் ஒரு காலி பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். படம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்து அடுத்த வீடு கொடுத்தது, அதற்கடுத்த வீடு கொடுத்தது. கொஞ்ச காலத்தில் தோட்டத்துப் படங்கள் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டன. ஒரே ஒரு குறை, புகை ஏறி எல்லாப் படங்களும் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டன. எங்கள் தோட்டத்தில் கல்யாணம் செய்தவர் எவரும் வெள்ளை வேட்டி கட்டியதற்குப் படத்தில் அத்தாட்சி கிடையாது.

வேறு யாராவது இருந்தால் ஒரு வீட்டுக்கு ஒரு டின் என்று வைத்திருப்பார்கள். டின் அண்ணன் அப்படி வைக்கவில்லை. யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பார்த்து வைத்தார். பேசுகிறவர்கள் ஒரு டின். பேசாதவர்களுக்குத் தனித் தனி டின்.

"பேசாத ரெண்டு பேர ஒண்ணாப் போட்டா படம் ஒட்டிக்கிடும்" என்பார். அதற்கு மேல் விளக்கம் கேட்டால் அடுப்பில் விறகு தள்ளப் போய்விடுவார்.

அவர் யாரிடமும் போய் விசாரிக்க மாட்டார். பெரட்டில் எப்போதும் சேர்ந்து நிற்கிற இரண்டு பேர் தள்ளி நின்றால் கவனித்துக்கொள்வார். தண்ணிக் குழாயில் ஒருத்தி வந்ததும் இன்னொருத்தி பாதிக் குடத்தோடு கிளம்பினால் கவனித்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை காலையில் டின்களை எல்லாம் இறக்கி, பாய் விரித்து, ஆளுக்கு ஆள் இடம் மாற்றுவார். எல்லாரோடும் பேசுகிறவர்கள் என்று ஒரு டின் இருந்தது. அதில் மூன்று படங்கள்தான். ஒன்று ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கிற கிழவி. இரண்டாவது காது கேட்காத காவல்காரர். மூன்றாவது, பிறந்து முப்பது நாளான ஒரு பிள்ளை. பிள்ளைக்கு நாலு வயதானதும் அதையும் வேறு டின்னுக்கு மாற்றிவிட்டார்.

ஒரு தடவை ஒருவர் கோபமாகப் புகைவீட்டுக்குப் போனார். அவர் படமும் அவர் மனைவி படமும் வேறு வேறு டின்னில் இருப்பதை யாரோ பார்த்து வந்து சொல்லிவிட்டார்கள்.

"நாங்க எப்பண்ணே சண்ட போட்டோம்?"

"செவ்வாக்கெழம. சத்தம் கேட்டுச்சி."

"அது ரேடியோ நாடகம்ணே."

டின் அண்ணன் டின் மூடியை அழுத்தி மூடினார். "சரி, இந்த வாரம் போவட்டும். அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார். அடுத்த வாரத்துக்குள் அந்த வீட்டில் உண்மையாகவே சண்டை வந்துவிட்டது. நம் படத்தை யார் தனியாகப் போடச் சொன்னது என்பதில்தான்.

மந்தினிலிருந்து ஒரு அம்மாள் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க எங்கள் தோட்டத்துக்கு வந்தார். பையன் நல்லவன், லாரி ஓட்டுகிறவன். குடும்பம் எப்படி என்று விசாரிக்க, யார் சொல்லியோ நேரே டின் அண்ணனிடம் போயிருக்கிறார். அவர் நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. டின் அடுக்கிய பலகையைக் காட்டி, "அந்தக் குடும்பத்துக்கு அஞ்சு டின்னு" என்றார். அந்த அம்மாள் அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

கோயில் கமிட்டி உடைந்த வருஷம் அவர் பட்ட பாடு சொல்லி முடியாது. தீமிதி யார் நடத்துவது என்று இரண்டு கட்சி ஆனது, இரண்டு நாலானது. டின் போதவில்லை. லுக்குட் டவுன் கடைக்காரர் காலி டின் எதற்கு என்று கேட்டதற்கு, "எங்க ஆளுங்க ஒத்துமையா இல்ல" என்று பதில் சொல்லிவிட்டு வந்தார்.

சிரிப்பாக இருக்கும். ஆனால் ஒன்று நடந்தது. தன் படம் தனியாகக் கிடக்கிறது என்று தெரிந்தால் யாருக்கும் சோறு இறங்காது. வாயால் மன்னிப்புக் கேட்காத ஆம்பிளைகள், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்குப் போய், நெருப்புப் பெட்டி இருக்கா என்று கேட்டுவிட்டு வருவார்கள். கேட்டால் போதும், அதுவும் பேச்சுதான். சண்டை தீர்ந்தது என்று சொல்ல எங்கள் தோட்டத்தில் வேறு சொல்லே இல்லாமல் போனது. "டின்னு ஒண்ணாயிருச்சா?" என்றுதான் கேட்போம்.

அவருக்கு இன்னொரு சட்டம் இருந்தது. படத்தைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால், படத்தில் இருக்கிற உயிருள்ள ஆள்கள் எல்லாரும் சேர்ந்து வந்து கேட்க வேண்டும். எங்கள் பந்து விளையாட்டுக்காரர்கள் கோப்பை வாங்கிய படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட ஆசைப்பட்டார்கள். பதினொரு பேர். கோல் பிடிக்கிறவன் புக்கிட் பெலண்டோக்குக்குக் குடி போயிருந்தான். மோட்டாரில் போய் அவனை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அவன் படத்தை வாங்கிப் பார்த்தான். "நான் கண்ண மூடிக்கிட்டு இருக்கேன், மாட்டாதீங்க" என்று சொல்லிவிட்டான். படம் டின்னுக்கே திரும்பிப் போனது.

இதையெல்லாம் கேட்டு நானும் சிரித்தவள்தான், என் முறை வரும் வரைக்கும்.

என் வீட்டுக்காரர் தவறியபோது எனக்கு முப்பது வயது ஆகவில்லை. மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் ஆள் இல்லை. சாவு வீட்டில் அத்தனை சனத்துக்கு முன்னால் என் நாத்தனார், அவருடைய அக்கா, மாரில் அடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார். "எந் தம்பிக்கு வேளாவேளைக்குச் சோறு கெடச்சிருந்தா இப்புடி ஆயிருக்குமா?"

நான் பாலுக்குப் பட்டை சீவுகிற மரம் வெட்டி, அதில் முதல் தரம். என் வெட்டில் பட்டையில் ஒரு காயம் இருக்காது. மண்டோர் புது ஆள்களை என் மரங்கள் நிற்கிற நெரைக்குக் கூட்டிவந்து, இப்படி வெட்டணும் என்று காட்டுவார். அந்த வேலையையும் பார்த்து, திரும்பி வந்து, ஒரு நாள் தவறாமல் சுடுசோறு வடித்துப் போட்டவள் நான். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த அம்மாளிடம் வாயைத் திறக்கவே இல்லை. மூன்று வருஷம். அவர் வீடு எங்கள் லயத்திலேயே கடைசி வீடு.

என் வீட்டுக்காரருக்கு இருந்தது ஒரே ஒரு படம். போர்ட்டிக்சன் கடற்கரைக்கு லாரி போட்டுப் போனபோது ஒரு ஸ்டூடியோக்காரர் எடுத்தது. நடுவில் அவர். இடது பக்கம் நான், வலது பக்கம் நாத்தனார். இரண்டு பேரும் அவரை ஒட்டிக்கொண்டு நிற்கிறோம். அவர் எங்கள் இருவரையும் பார்க்காமல் கேமராவுக்கு அந்தப் பக்கம் எதையோ பார்த்துச் சிரிக்கிறார். என் மகளுக்கு அப்பா முகம் தெரியாது. அவர் போனபோது அவள் தவழ்கிற பிள்ளை. திவசத்துக்குச் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும், மகளுக்குக் காட்ட ஒரு முகம் வேண்டும். அதற்காகத்தான் டின் அண்ணனிடம் போனேன்.

போய்ப் பார்த்தால், அந்தப் படத்துக்கு ஒரு முழு டின். உள்ளே வேறு படமே இல்லை.

"வேற என்னா செய்யச் சொல்ற தங்கச்சி? பேசாத ரெண்டு பேரும் ஒரே படத்துல நிக்கிறீங்க. ஒன்ன ஒரு டின்னுலயும் அவங்கள ஒரு டின்னுலயும் போட முடியாதுல்ல."

படத்தைக் கொடுங்கள் என்றேன். படத்தில் உயிரோடு இருப்பது இரண்டு பேர், ஒரு ஆள்தானே வந்திருக்கிறது என்றார். நான் திரும்பி நடந்தேன். முதுகுக்குப் பின்னால், "ஒரு டின்னு வீணாவுது" என்று சொன்னது கேட்டது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வருவேன். பார்க்க விடுவார், எடுக்க விடமாட்டார். நாத்தனாரும் போகிறார் என்று பிறகுதான் தெரிந்தது. அவருக்குச் சாயந்தர நேரம். டின் அண்ணன் ஆஸ்பத்திரி மாதிரி நேரம் ஒதுக்கி வைத்திருந்தார். நான் பார்த்த பிறகு படத்தைத் துணியால் துடைத்து வைப்பாராம். என் கண்ணீர் நாத்தனார் கையில் படக்கூடாது என்பதற்காகவா, இல்லை படம் நனையக்கூடாது என்பதற்காகவா, தெரியாது. ஒவ்வொரு வாரமும் நான் கிளம்பும்போது அதே வார்த்தை. ஒரு டின்னு வீணாவுது.

மூன்றாவது திவசம் நெருங்கியபோது எனக்குப் பொறுக்கவில்லை. செத்தவர் படத்தை வைத்துக்கொண்டு விளையாடுகிறீர்களா, உங்களுக்கென்று ஒரு ஆள் இருந்து போயிருந்தால் தெரியும் என்று கத்திவிட்டேன்.

அவர் கட்டில் பக்கம் போனார். தலைமாட்டுப் பலகையிலிருந்து ஒரு சின்ன டின்னை எடுத்தார். இருமல் மிட்டாய் வருகிற டின். நான் அதை அதுவரை பார்த்ததில்லை. அதில் ஒரு படம் இருந்தது. முன்பக்கம் திருப்பினேன், வெள்ளைத் தாள். பின்பக்கம் திருப்பினேன், அதுவும் வெள்ளைத் தாள்.

"என்னாண்ணே இது? ரெண்டு பக்கமும் முதுகா இருக்கு."

"ரெண்டு படம். ஒண்ணு நான், இன்னொண்ணு எங்க அண்ணன். பேச்சில்லாத காலத்துல ஒரே பெட்டியில போட்டு வச்சேன். மழ வந்துச்சி. மொகத்தோட மொகம் ஒட்டிக்கிச்சி."

"தண்ணியில ஊறப்போட்டுப் பிரிச்சுப் பாக்கறதுதானே?"

"பிரிச்சா ரெண்டு பேருக்கும் மொகம் இருக்காதும்மா."

அண்ணன் இப்போது எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவைப்படவில்லை. அவர் டின்னை மூடி வைத்துவிட்டு விறகு தள்ளப் போனார்.

அன்றைக்கு நான் லயத்தின் கடைசி வீடு வரைக்கும் நடந்து போனேன். நாத்தனார் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் முதலில் வாயைத் திறந்தால் பேசலாம் என்று நின்றேன். அவரும் அதையேதான் நினைத்திருக்கிறார். கீரை ஆய்ந்து முடிந்தது. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பத்து நாள் கழித்துப் புகைவீட்டில் தீப் பிடித்தது.

வெட்டிய பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு ஆள்கள் வீடு திரும்புகிற மத்தியான நேரம். ஒரு ரப்பர் அட்டை கழியிலிருந்து நழுவி அடுப்பில் விழுந்திருக்கிறது. கறுப்புப் புகை மரத்துக்கு மேலே போனதும் தோட்டமே ஓடியது. வீடு எரிந்தால்கூட அப்படி ஓடியிருக்க மாட்டோம். எங்கள் கல்யாணம், காதுகுத்து, செத்துப்போன பெரியவர்கள் எல்லாரும் அந்த அறையில்தான் இருந்தார்கள். டின் அண்ணன் முன்வாசலில் நின்று டின் டின்னாக எடுத்து நீட்டினார். ஜனங்கள் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றினார்கள். கோயில் கமிட்டியின் நாலு கட்சியும் அந்த ஒரே வரிசையில் நின்றதை நான் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் டின் வரவில்லை. அது உள்சுவரில் அவர் தலைமாட்டுப் பலகையில் தனியாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். பக்கத்துக் கதவு வழியாக உள்ளே ஓடினேன். புகையில் கண் தெரியவில்லை. தடவித் தடவிப் பலகையைப் பிடித்து, டின்னைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. அந்தப் பக்கம் யாரோ பிடித்திருந்தார்கள்.

"விடுங்க" என்றேன்.

"நீ விடு" என்று நாத்தனார் குரல் கேட்டது.

"புகையில சாகப் போறீங்க, விடுங்க அண்ணி."

"ஒனக்குப் புள்ள இருக்கு, நீ மொதல்ல வெளிய போடி."

யாரும் விடவில்லை. டின்னை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒன்றாக வெளியே வந்து விழுந்தோம். இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். என்னுடைய ஒரு கை மட்டும்தான் அந்த டின்னில் இருந்தது. இரண்டு கையும் இருந்திருந்தால் நிச்சயமாக நான்தான் பிடுங்கியிருப்பேன்.

டின் அண்ணன் வந்தார். ஒரு பக்கத்துப் புருவம் கருகிப் போயிருந்தது. எங்கள் இருவரையும் பார்த்தார், டின்னைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் வந்துட்டீங்களா? சரி, படத்த எடுத்துக்குங்க. டின்ன குடுங்க."

நாத்தனார் சிரித்தார். பிறகு அழுதார். தம்பி செத்த அன்றைக்குப் புத்தி பேதலித்துச் சொன்னது அது, அவனுக்குச் சோறு போட்டது நீதான் என்று எனக்குத் தெரியாதா என்றார். இருமிக்கொண்டே சொன்னதால் பாதிதான் கேட்டது. அந்தப் பாதி எனக்குப் போதும்.

தீயை அணைத்த பிறகு டின்களை எல்லாம் பெரட்டுக் களத்தில் அடுக்கினோம். டின் அண்ணன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "எல்லாம் வந்துருச்சி. சின்னது ஒண்ணுதான் போயிருச்சி, பரவால்ல" என்றார்.

நான் மடியிலிருந்து இருமல் மிட்டாய் டின்னை எடுத்துக் கொடுத்தேன். அதை ஏன் எடுத்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மற்றக் கை அதன்மேல் பட்டது, எடுத்தேன். அவர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

படத்தை நாங்கள் இருவருமே ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனோம். என் வீட்டுக்காரரை மட்டும் தனியாக எடுத்துப் பெரிதாக்க முடியாது என்றார்கள். இரண்டு பக்கத்துத் தோளையும் நாங்கள்தான் மறைத்துக்கொண்டு நின்றோம், எங்களை வெட்டினால் அவருக்குக் கை இருக்காதாம். சரியென்று மூன்று பேரையும் சேர்த்தே பெரிதாக்கி, சட்டம் போட்டு, என் வீட்டுச் சுவரில் மாட்டினேன். திவசத்தன்று சாமந்தி மாலையைச் சட்டத்தைச் சுற்றிப் போட்டுவிட்டேன். சாயந்தரம் நாத்தனார் வந்து பார்த்தார்.

"ஏம்புள்ள, எனக்கும் சேத்து மாலை போட்டுட்டியே."

"ஒங்களுக்கு மட்டுமா அண்ணி, எனக்கும்தான் போட்டுக்கிட்டேன்."

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம், திவச வீடு என்றுகூடப் பார்க்காமல். டின் அண்ணன்தான் வழி சொன்னார். மல்லிகைச் சரத்தில் ஒரு முழம் மட்டும் எடுத்து, கண்ணாடியில் நடு ஆளுக்கு நேராக ஒட்டச் சொன்னார். பொட்டும் அவர் நெற்றிக்கு மட்டும். "அளந்து வைங்க. சாந்து ஓரத்துல வழிஞ்சா இவங்களும் போயிருவாங்க" என்றார். டின் அண்ணன் முகத்தில் சிரிப்பு இல்லை. இன்றைக்கும் அப்படித்தான் வைக்கிறோம்.

தொண்ணூறுகளில் தோட்டத்தை விற்றார்கள். மரத்தைச் சாய்த்தார்கள், லயத்தை இடித்தார்கள், ஆளுக்கொரு பக்கம் போனோம். நான் சுவாவில், நாத்தனார் மந்தினில். போகிற அன்றைக்கு டின் அண்ணன் வாசலில் உட்கார்ந்து எல்லாருக்கும் படங்களைப் பிரித்துக் கொடுத்தார். அந்த ஒரு தடவை சட்டம் எதுவும் பேசவில்லை. என்னிடம் இருமல் மிட்டாய் டின்னை நீட்டினார்.

"நீ வச்சிக்கம்மா. நான் போற எடத்துல புகைவீடு இல்ல."

அவர் தவறி ரொம்ப காலம் ஆகிவிட்டது. அந்தப் படத்தை நாங்கள் பிரிக்கவில்லை. ஆறு மாதம் என்னிடம் இருக்கும், ஆறு மாதம் நாத்தனாரிடம் இருக்கும். நல்ல வெயில் அடிக்கிற நாளில் முறத்தில் வைத்து, இந்த முதுகு கொஞ்ச நேரம், அந்த முதுகு கொஞ்ச நேரம் என்று திருப்பித் திருப்பிக் காய வைப்போம். இருமல் மிட்டாய் டின் துருவேறிவிட்டதால், கடையில் பெரிய பிஸ்கட் டின்னாகப் பார்த்து வாங்கினோம். எங்கள் படம் எதையும் அதில் போடவில்லை. உள்ளே அண்ணனும் தம்பியும் மட்டும்தான்.

ஒரு டின் வீண்தான். இருக்கட்டும்.